கை பதிந்த கொழுக்கட்டை

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ளத்தான் என்னை மதுரையில் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது எப்படி என்பதை அங்கே ஒன்றரை வருடம் கற்றுக்கொடுத்தார்கள். மண்ணைக் கொடு, கரித்துண்டைக் கொடு, இலையைக் கொடு, பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார். என்ன செய்கிறாய் என்று கேட்காதே. செய்ததைத் திருத்தாதே. யானைக்குத் தும்பிக்கை இல்லையென்றால் இல்லாமல் போகட்டும், நீ ஒட்டவைக்காதே. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாயும் கொஞ்சம் நீளம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பரீட்சையா என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பயிற்சி முடிந்ததும், மதுரையில் சில பெரிய வீட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பரவையிலிருந்து சோழவந்தான் பக்கமாகப் போனால் இரண்டு பக்கமும் வயல்தான். அந்த வயல்களுக்கு நடுவில் ஒரு கிராமம். நடவு, களை, அறுப்பு என்று பெண்கள் விடிந்ததும் வயலில் இறங்கிவிடுவார்கள். பிள்ளைகள் வரப்பில் கிடக்கும், இல்லையென்றால் வாய்க்காலில் விழும். அவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு பாலர் கூடம் என்பது சங்கத்தின் யோசனை. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தைய வருடங்கள் அவை.

கூடம் என்று பெயர்தானே தவிர, அது ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த பெரிய சம்சாரி ஒருவர் நெல் போட்டுவைக்கும் கொட்டகை. அவர் மனைவிதான் கணவரிடம் பேசி அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். நான் குடியிருந்ததும் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில்தான். தினமும் சாயங்காலம் ஒரு செம்பு மோர் அவர்கள் வீட்டிலிருந்து வரும். தங்கமான மனுஷி. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். என்னை வீட்டுக்குள் விட்டார்கள் என்பதிலிருந்தே நான் எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரிந்திருக்கும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. கூடத்துக்கு வந்த பதினான்கு பிள்ளைகளில் நான்கு பேர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். நான் எல்லோரையும் ஒரே வட்டமாக உட்காரவைத்தேன். முதல் வாரம் ஊர்ப் பெண்கள் சிலர் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார்கள், பிறகு வயலுக்குப் போய்விட்டார்கள். நடவு நேரம், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைத்ததே பெரிது. பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள். நானோ ஊரைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்று நினைத்தால் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடலாம் போல இருக்கிறது.

காகிதம் கிடையாது, வர்ணம் கிடையாது. கண்மாயிலிருந்து களிமண் வந்தது. கோவை இலையைக் கசக்கினால் பச்சை, நாவற்பழத்தை நசுக்கினால் ஊதா, மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தால் சிவப்பு. சோழவந்தான் கொடிக்காலில் கழித்துப்போடும் வெற்றிலையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவரச் சொல்வேன். பிள்ளைகள் அதைக் கிழித்துத் தரையில் பரப்பி என்னென்னவோ செய்வார்கள். சாணி மெழுகிய தரையில் பச்சைப் பச்சையாக ஓர் ஊரே கிடக்கும். காற்றடித்தால் அந்த ஊர் பறந்து மூலைக்குப் போய்விடும், மறுபடியும் ஆரம்பிப்பார்கள். ஒருவன்கூட அதற்காக அழுது நான் பார்க்கவில்லை. பயிற்சியில் சொன்னது சரிதான் என்று எனக்கு மெல்லப் புரிந்தது, ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நான்கு பேரில் ஒரு பெண் குழந்தை. நாலு வயது இருக்கும். அவ்வளவாகப் பேசாது. மற்றவர்கள் களிமண்ணில் காளை செய்வார்கள், குருவி செய்வார்கள், வண்டி செய்து சக்கரம் சுற்றவில்லை என்று சண்டை போடுவார்கள். இவள் ஓர் உருண்டை மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிப்பாள். பிறகு மெதுவாக விரல்களை விரித்துப் பார்ப்பாள். மண்ணில் நாலு விரலும் வரிவரியாகப் பதிந்திருக்கும். அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த உருண்டையைப் பிடிப்பாள். நாள் முழுவதும் அதேதான். கேட்கக்கூடாது என்பதை மறந்து ஒருநாள் அது என்ன என்று கேட்டுவிட்டேன்.

"எங்கையி" என்றாள்.

தன் கை தன்னைவிட்டுத் தனியாகத் தரையில் இருப்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பத்து மணிக்கு ஒரு தீனி உண்டு. பொட்டுக்கடலையும் கருப்பட்டித் துண்டும், சில நாள் அவித்த மொச்சை, சில நாள் பனங்கிழங்கு. ஊரிலேயே ஒருத்தி வந்து அவித்துக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் பெருக்குவாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் ஊர்ப் பக்கத்து ஆள் என்பதால் அவள் கையால் அவித்ததை எல்லோரும் தின்றார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு பொழுது சாய்ந்து ஆத்தா வந்து அடுப்பு மூட்டினால்தான் சாப்பாடு. அந்தக் குழந்தை பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும்.

அறுப்பு முடிந்து, சம்சாரி வீட்டிலிருந்து ஒரு மரக்கால் குருணை கொடுத்தனுப்பினார்கள். அதை இடித்து மாவாக்கி, கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பிசைந்து, கொழுக்கட்டை பிடிக்கலாம் என்றாள் அக்கா. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மண்ணில் செய்வதை மாவில் செய்தால் என்ன? அவரவர் இஷ்டத்துக்குப் பிடிக்கட்டும், வேகவைத்து அவரவருக்கே கொடுத்துவிடலாம். பிள்ளை தான் செய்த காளையைத் தானே தின்னும். எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை. அக்கா என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். "அம்புட்டுப் புள்ளைகளுமா டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நின்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

எல்லோருக்கும் கை கழுவிவிட்டு ஆளுக்கொரு பிடி மாவு கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. காளை, பாம்பு, தேர், அகல்விளக்கு, பேர் தெரியாதவை சில. அந்தப் பெண் வழக்கம்போல இறுக்கிப் பிடித்து விரலை விரித்தாள். பானையில் தண்ணீர் ஊற்றி, வாயளவுக்கு வைக்கோலைத் திணித்து, மேலே துணி பரப்பி, எல்லாவற்றையும் அடுக்கி மூடினோம். வெந்து இறக்கிப் பார்த்தால் காளையும் தேரும் ஒன்றோடொன்று ஒட்டி உருத்தெரியாமல் போயிருந்தன. இவள் பிடித்தது மட்டும் பிடித்தபடியே இருந்தது, விரல் வரி நாலும் அச்சாக.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சம்சாரி வீட்டுப் பையன், கொட்டகைக்குச் சொந்தக்காரர்களின் ஒரே மகன், அவனுக்கும் நாலு வயதுதான். தன் காளை கரைந்துபோனதில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். அவளுடையதைக் கேட்டான். அவள் உடனே கொடுத்துவிட்டு அவனுடைய கூழான காளையை வாங்கிக்கொண்டாள். நான் பார்த்தேன். தடுக்கக்கூடாது என்பதுதானே பாடம். பார்த்துச் சிரித்தேன்.

அவன் அதைத் தின்னவில்லை. அது அவ்வளவு அழகாக இருந்ததால் ஆத்தாவிடம் காட்ட வேண்டும் என்று துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். மகன் தனக்காகத் தின்னாமல் கொண்டுவந்தான் என்பதில் அவன் ஆத்தாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவனை மடியில் வைத்துக்கொண்டு பாதியைத் தின்றுவிட்டார். மீதிப் பாதியில் விரல் வரி தெரிந்திருக்கிறது. மகன் கையைப் பிடித்து அந்த வரியில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. இது யார் கைடா என்று ஆசையாகத்தான் கேட்டார். அவனும் ஆசையாகத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலம் மோர்ச் செம்பு என் அறை வாசலில் இல்லை. மறுநாள் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே அந்த அம்மாள் கொட்டகைக்கு வந்தார். தலை குளித்திருந்தார், கண் வீங்கியிருந்தது. ராத்திரி முழுவதும் வாந்தி எடுத்தார் என்று அக்கா சொல்லியிருந்தாள். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவரோ என் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் சாவு விழுந்ததைச் சொல்வது போல மெதுவாகப் பேசினார்.

"டீச்சரம்மா, மண்ண எல்லாப் புள்ளையும் தொடட்டும். நான் ஒரு நாளாச்சும் கேட்டிருக்கனா? மண்ணு பொது. வாயில போற பண்டம் அப்படியா? அந்தப் புள்ள கையி எவ்வயித்துக்குள்ள போயிருச்சு. இத நான் எங்க போய்க் கழுவுவேன்?"

மகனை அடித்தீர்களா என்று கேட்டேன். ஆமென்று தலையை ஆட்டினார். ஆட்டும்போதே அழுதார். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். இனி அந்த நாலு பிள்ளைகளும் தனியாக உட்கார வேண்டும், பண்டம் செய்கிற இடத்துக்கு வரக்கூடாது. இல்லையென்றால் அவர் கணவர் கொட்டகையைப் பூட்டிவிடுவார், ஊரில் வேறு யாரும் இடம் தரமாட்டார்கள். மிரட்டலாகச் சொல்லவில்லை. கணவரிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

அவரிடம் கேட்க ஒரு கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தக் குருணை எந்தக் கை நட்டு, எந்தக் கை அறுத்த நெல்லில் வந்தது? கேட்டிருக்கலாம். வாய் நீளம் என்று என்னைச் சொல்வார்களே, அந்த வாய் அன்று எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் பெட்டி அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது. கூடத்தை மூடினால் மற்ற பத்துப் பிள்ளைகள் வாய்க்காலில் விழுவார்களே என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாள் குறைவு.

சங்கத்துக்கு எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஊர் வழக்கத்தை அனுசரித்துப் போகவும், கூடம் மூடப்படக்கூடாது, பதினான்கு குழந்தைகளின் நலனே முக்கியம். அழகான கையெழுத்து. பதில் வரும்வரை நான் காத்திருக்கவும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாள் எழுந்து போன அன்றைக்கே நான் பிள்ளைகள் உட்காரும் பாயை இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

பத்துப் பேர் உள்ளே, நாலு பேர் மேற்கு வாசலை ஒட்டித் தாழ்வாரத்தில். கொழுக்கட்டையை இனி அக்காதான் பிடித்தாள், எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. உள்ளே இருப்பவர்களுக்குக் கையில் வைத்தாள், வெளியே இருப்பவர்களுக்கு ஆலிலையில் மேலேயிருந்து போட்டாள். பயிற்சியில் எனக்குச் சொன்ன கேட்காதே, திருத்தாதே எல்லாம் போய், நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரே வார்த்தை வந்துசேர்ந்தது. தொடாதே. பானையைத் தொடாதே, தண்ணீரைத் தொடாதே, பாயைத் தொடாதே, அவனைத் தொடாதே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேனோ. வெடுக்கென்று சொல்லமாட்டேன், கொஞ்சிக் கொஞ்சித்தான் சொல்வேன். அது அதைவிடக் கேவலம்.

சம்சாரி வீட்டுப் பையன் முதல் இரண்டு நாள் தாழ்வாரத்துப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தான். முதுகில் வாங்கிய அடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூன்றாம் நாள் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் தாய் ஒருநாள் சாயங்காலம் களையெடுத்துவிட்டு வந்தாள். முழங்கால்வரை சேறு. படிக்குக் கீழேயே நின்றாள். அவளிடம் என்ன சொல்வது என்று நான் மூன்று நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். தப்பு என் மேல்தான், உன் பிள்ளை செய்தது நான் செய்யச் சொன்னதைத்தான், அதுவும் எல்லோரையும்விட நன்றாகச் செய்தது. அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"புள்ள தெரியாம செஞ்சிருச்சு தாயி. நான் சூடு வக்கிறேன்னு சொல்லி மிரட்டி வச்சிருக்கேன். இனிமே கைய நீட்டாது. பண்டத்த மட்டும் நிப்பாட்டிராதீக."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா விளக்குமாற்றோடு நின்றிருந்தாள், அவள் காதில் விழுவது சம்சாரி வீட்டுக்குப் போய்விடும். "சரி, நிறுத்தமாட்டேன், போய்ட்டு வா" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்து மதுரையில் பெரிய கோயிலுக்குள் எல்லோரையும் விட்டார்கள். பேப்பரில் வந்ததை நான்தான் சம்சாரி வீட்டு அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். சாமிக்குச் சம்மதம் என்றால் போகட்டும், நமக்கென்ன என்றார். தாழ்வாரத்துப் பாயை உள்ளே எடுத்துப் போடலாமா என்று அன்று நான் கேட்டிருக்கலாம். நான் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிள்ளைகள் தாழ்வாரத்தில்தான் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது, களைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

எனக்கு மறக்காதது அதுவும் இல்லை. பாயைப் பிரித்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய்க் கரையில் புதுக் களிமண் கிடைத்தது, கல் இல்லாமல், வெண்ணெய் மாதிரி. அதை நானே போய்க் கூடையில் சுமந்து வந்தேன். மாவு போனால் போகிறது, மண் இருக்கிறதே என்று எனக்கு ஒரு நப்பாசை. மண்ணை எல்லோரும் தொடலாம் என்று அந்த அம்மாளே சொல்லியிருந்தார். உள்ளே பத்துப் பேருக்கும் வெளியே நாலு பேருக்கும் ஒரே அளவு மண் வைத்தேன். தாழ்வாரத்தில் மற்ற மூன்று பேரும் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உன் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதத் தொடலாமா டீச்சரம்மா?"

அது மண். பதில் ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்கு முன்பு நான் திரும்பி, அக்கா எங்கே நிற்கிறாள் என்று பார்த்தேன். கண் இமைக்கிற நேரம்தான். அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு மொச்சை அவித்துக்கொண்டிருந்தாள், எங்களைக் கவனிக்கவில்லை. நான் திரும்பியபோது அந்தக் குழந்தையின் கண் என் முகத்திலேயே இருந்தது. நான் யாரைப் பார்த்தேன், எதற்குப் பார்த்தேன் என்பது நாலு வயதில் அதற்குப் புரிந்துவிட்டது.

தொடலாம் கண்ணு, தாராளமாகத் தொடு என்றேன்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். கை முன்னால் வரவில்லை. மொச்சை வந்தபோது மட்டும் ஆலிலையை ஏந்தி வாங்கித் தின்றுவிட்டு, மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் அவள் ஆத்தா வந்து கூட்டிப்போனாள். அவளுக்கு வைத்த மண் ஒரு விரல்கூடப் படாமல் நான் வைத்தபடியே இருந்தது. மறுநாள் காலையில் அதில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளே இருந்த பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.